ஆடாத பல்

மெல்பேர்ணில், டண்டினொங்கில் எங்கள் தெருவில், பால்பல் ஆடத் தொடங்கிய எந்தப் பிள்ளையும் அதை ஒளித்துவைத்துக்கொண்டு திரிய முடியாது. எப்படியோ அன்ரிக்குத் தெரிந்துவிடும். ஒரு பிள்ளை அப்பிளை முன்பல்லால் கடிக்காமல் ஓரத்தால் சுரண்டிச் சாப்பிடுவதைத் தெருவின் மறுமுனையில் கண்டால் போதும், அன்ரியின் நடை மாறிவிடும். கையிலிருக்கும் மரக்கறிப் பையை மதிலில் வைப்பார். "இஞ்சை வா குஞ்சு. ஆ காட்டு," என்பார். குஞ்சு வாயை இறுக மூடிக்கொண்டு ஓட்டம் பிடிக்கும். அன்ரி துரத்தமாட்டார். "ஓடு, ஓடு. பல்லையும் கொண்டுதானே ஓடுறாய், எங்கை போகப் போகுது?" என்று வாயைப் பொத்திச் சிரித்தபடி பையைத் தூக்கிக்கொண்டு போவார். பின்னேரம் அதே குஞ்சு தானாகவே வந்து அவருடைய கதவைத் தட்டும்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. பிள்ளைகளுக்கு டூத் அன்ரி, பெரியவர்களுக்குள் பல்லன்ரி, முகத்துக்கு நேரே வெறும் அன்ரி. கட்டையான, வேகமான மனுசி. கணவர் சண்டைக்காலத்தில் செத்துப்போனார். ஒரே மகன் சிட்னியில், பிளாக்டவுனில் குடும்பமாக இருந்தான். அன்ரி கோழித் தொழிற்சாலையில் வேலை செய்தார். விடியமுன் காரை எடுத்துக்கொண்டு போனால் மத்தியானம் திரும்புவார். குளிர் அறையில் நின்று நின்று அவருடைய விரல்கள் எந்த நேரமும் சில்லென்றிருக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு அந்த விரலை வாய்க்குள் விட்டால் பிள்ளைகள் சிலிர்த்துக்கொள்வார்கள். "பாத்தியே, ஊசி போடாமலே விறைக்குது," என்று அதையும் தன் கெட்டித்தனத்தில் சேர்த்துக்கொள்வார்.

நாங்கள் அவருக்கு அடுத்த யூனிற், சுவரோடு ஒட்டின வீடு. தங்கச்சி, மச்சான், நான். நான் அகதியாக வள்ளத்தில் வந்தவன். தங்கச்சி பல வருடம் கழித்து மச்சானைக் கட்டி விமானத்தில் வந்தவள். "இந்த வீட்டிலை ஆள் மூண்டு, விசா மூண்டு விதம்," என்று மச்சான் வருகிறவர்களுக்கெல்லாம் பகிடி விடுவார். அவர் சிட்டிசன், பகிடி விடலாம். எனக்குத் தற்காலிக விசா, அதுவும் நிராகரிக்கப்பட்டு மேல்முறையீட்டில் கிடந்தது. அந்தக் கதை பிறகு வரும்.

அன்ரி பல் எடுப்பதைப் பார்ப்பதே ஒரு திருவிழா. குசினியில் சன்னலோரம் ஒரு கதிரை. பிள்ளை அதில் ஏறி இருக்கும். மற்றப் பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள், அதிலொன்று கட்டாயம் ரெலிபோனில் படம் பிடிக்கும். அன்ரி கறுப்பு நூலில் சுருக்குப் போட்டுப் பல்லில் மாட்டுவார். பிறகு அவசரமே இல்லாமல் கேட்பார், "குஞ்சு, வடிவாய் யோசிச்சுச் சொல்லு. உனக்கு அம்மாவை விருப்பமோ, அப்பாவை விருப்பமோ?" உலகத்தில் எந்தப் பிள்ளைக்கும் இது பொல்லாத கேள்வி. பிள்ளை கண்ணை மேலே உருட்டி யோசிக்கும். யோசித்து முடியமுன் பல் நூலில் தொங்கும். ஒருமுறை கோயம்புத்தூர்க்காரர் ஒருவருடைய மகன், அப்பா பக்கத்தில் நிற்க, யோசிக்காமலே "நைதர்", இரண்டு பேருமில்லை, என்று சொல்லிவிட்டான். அன்ரிக்கே கை ஓடவில்லை. "என்னங்க ஆன்ட்டி, பல்லைப் புடுங்கச் சொன்னா மானத்தைப் புடுங்கிட்டீங்களே," என்று அந்த மனுசன் சிரிப்பதா அழுவதா தெரியாமல் நின்றார்.

ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஆடுகிற பல்லைத்தான் தொடுவார். நூலைக் கையில் எடுக்கமுன் விரலால் பல்லை முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பார். சரியாக ஆடாவிட்டால், பிள்ளை அழுது மன்றாடினாலும், பள்ளிக்கூடத்தில் படம் பிடிக்கிற நாள் என்று தாய் கெஞ்சினாலும், "போட்டு வா, இன்னும் பழுக்கேல்லை," என்று கதிரையால் இறக்கிவிடுவார். "ஆடுற பல்லும் எழும்பின விருந்தாளியும் ஒண்டு, மறிக்கக் கூடாது. ஆடாத பல்லும் இருக்கிற விருந்தாளியும் ஒண்டு, கலைக்கக் கூடாது," என்பார். இது அவருடைய சொந்தப் பழமொழி. வேறெங்கும் நான் கேட்டதில்லை.

எடுத்த பல்லை என்ன செய்வது என்பதில்தான் சண்டை வரும். ஊரில் நாங்கள் விழுந்த பல்லைக் கூரையில் எறிந்து, அணிலிடம் நல்ல பல் கேட்போம். இங்கே பிள்ளைகளுக்கு டூத் ஃபெயாரி, பல் தேவதை. பல்லைத் தலையணைக்குக் கீழே வைத்தால் காலையில் காசு. "பல்லை விக்கிறதோ? வெக்கம் கெட்ட வேலை!" என்று அன்ரி கத்துவார். "அன்ரி, இட்ஸ் மை டூத்," என்று பிள்ளை கத்தும். கடைசியில் முதல் விழுகிற பல் அணிலுக்கு, மிச்சமெல்லாம் ஃபெயாரிக்கு என்று ஒரு உடன்படிக்கை வந்தது. மெல்பேர்ணில் எங்கள் ஊர் அணில் இல்லையே என்று நான் ஒருநாள் வாயைக் கொடுத்தேன். "இரவிலை கூரையிலை ஓடுற பொசம் இருக்குதெல்லோ? அதுக்கென்ன, பல்லில்லையே?" என்றார்.

அந்த வழக்கத்தால் ஒருமுறை பெரிய வில்லங்கம் வந்தது. மழைத்தண்ணீர் போகிற பீலி அடைத்துக்கொண்டது என்று வீட்டு ஏஜென்ட் ஒரு ஆளை அனுப்பியிருந்தார். மனுசன் ஏணியில் ஏறினார், பீலிக்குள் கையை விட்டார், அப்படியே நின்றார். பிறகு மெல்ல இறங்கி வந்து, முற்றத்தில் நின்ற என்னிடம் கையுறையை விரித்துக் காட்டினார். சேற்றுக்குள் ஒரு பிடி சின்னஞ்சிறு பற்கள்! முகத்தில் இரத்தமில்லை. பொலிசைக் கூப்பிட வேண்டும் என்றார். நான் என் அரைகுறை ஆங்கிலத்தில் அணிலையும் கூரையையும் விளங்கப்படுத்த, அவருடைய கண் இன்னும் பெரிதாகியது. நல்ல வேளை, அந்த நேரம் பார்த்து அன்ரியின் கார் வந்து நின்றது. அன்ரி கையுறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "உது கடைசி யூனிற்றுப் பொடியன்ரை, நல்லாய்த் தெரியுது," என்று ஒன்றைத் தனியே எடுத்தார். அதற்குப் பிறகு அந்த ஆள் எங்கள் தெருப் பக்கம் வரவேயில்லை.

அன்ரிக்கு எல்லாம் தெரியும் என்று நான் சொல்ல வரவில்லை. தெரியாததையும் தெரிந்த குரலில் சொல்கிற ஆள். ஒன்பது மாதப் பிள்ளை ஒன்றுக்கு வயிற்றாலை போய்க்கொண்டிருந்தது. காய்ச்சலும் இருந்தது. தாய்க்காரி வந்து கேட்டபோது அன்ரி வாய்க்குள் பார்த்துவிட்டு, "பல்லு முட்டுது. பல்லு வரேக்கை போகும்தான், பயப்பிடாதை," என்று அனுப்பிவிட்டார். இரண்டாம் நாள் பிள்ளை கண் செருகி, துவண்டு, ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறியது. பல் முளைக்கிறதால் இப்படிப் போகாது, வயிற்றில் கிருமி, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆபத்து என்று டொக்டர் தாயை ஏசினாராம். அன்ரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக் கதிரையில் போய் இருந்தார். பிள்ளை பால் குடித்த பிறகுதான் எழும்பினார். "கிருமிதான். ஆனால் பல்லும் கொஞ்சம் சேந்திருக்கும்," என்று எனக்கு மட்டும் இரகசியமாகச் சொன்னார். விட்டுக்கொடுக்கிற சாதியா! ஆனால் அதற்குப் பிறகு யாராவது பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வாசலுக்கு வந்தால் உள்ளேயிருந்தே கத்துவார்: "என்னட்டைக் கேளாதை! டொக்டரிட்டை ஓடு!"

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

தங்கச்சிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. குட்டி என்றுதான் கூப்பிட்டோம். ஆறு மாதமாகப் போகிற நேரம், தங்கச்சி அவளுக்குக் கரண்டியால் அரிசிக்கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். கரண்டி எதிலோ பட்டு 'டிங்' என்றது. தங்கச்சி கஞ்சியை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு பிள்ளையின் வாயைத் திறந்தாள். திறந்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அண்ணா, மேல் பல்லு."

கீழ் முரசு, பல் முளைக்கிற ஈறு, வெறுமையாகக் கிடந்தது. மேலே, நடுவில், ஒரு வெள்ளை முனை. தமிழ் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. முதலில் மேல் பல் முளைத்தால் மாமனுக்கு ஆகாது. தாயின் சகோதரனுக்கு. அதாவது எனக்கு. எனக்கோ அடுத்த மாதம் மேல்முறையீட்டு விசாரணை. தோற்றால் திருப்பி அனுப்பும் வரிசையில் போய் நிற்க வேண்டியதுதான்.

அன்றைக்கே வட்ஸ்அப்பில் ஊருக்குப் படம் போய்விட்டது. அம்மா அங்கேயிருந்து அழுதார். கோயிலில் ஐயர் ஒரு அர்ச்சனையோடு காரியத்தை முடித்துவிட்டார், அம்மாவுக்கு அது போதவில்லை. விசாரணைக்கு முதல் அந்தப் பல்லை எடுத்துவிட வேண்டுமாம். எடுத்தால் தோஷம் கழிந்துவிடுமாம். ஒழுங்கையில் யாரோ சொன்னார்களாம். "விசர்க்கதை கதையாதையுங்கோ," என்று நான் போனைப் பறித்துக் கத்தினேன். ஆனால் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தேன், அவள் முடிவெடுத்துவிட்டாள். அவளுக்கு அப்பா இல்லை. வள்ளம் ஏறிப்போன தமையன் கடலில் போய்விட்டான் என்று ஒரு மாதம் அழுது, பிறகு அவனை உயிரோடு திரும்பப் பெற்றவள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

"பக்கத்திலை அன்ரி இருக்கிறா. நூல் போட்டால் ஒரு நிமிசம்," என்று சொல்லிக் குட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் நடக்க, நான் பின்னால் ஓடினேன்.

அன்ரிக்கு முதலில் ஒரே சந்தோசம். "ஆ காட்டு, ஆ காட்டு! அடி என்ரை செல்லமே, அரிசி முளைச்சிருக்குது!" என்று விரலைக் கழுவிக்கொண்டு வந்து தடவிப் பார்த்தார். தங்கச்சி விசயத்தைச் சொன்னாள். அன்ரியின் விரல் சட்டென்று வாயிலிருந்து வெளியே வந்தது.

"பல்லு ஆடுதோ?"

"இல்லை அன்ரி."

"அப்ப எனக்கு அதிலை என்ன வேலை?"

"அண்ணான்ரை கேஸ் வருகுது அன்ரி. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். எத்தினை பேருக்கு எடுத்தனீங்கள்..."

"ஏலாது பிள்ளை."

"அப்ப நான் எடுக்கிறன். ஊசியைச் சுட்டு நெம்பினால் வருமாம். அம்மா சொன்னவ."

அன்ரி தங்கச்சியை அறைந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அப்படி ஒரு கோபத்தை அந்த முகத்தில் நான் கண்டதில்லை. அறையவில்லை. தன் மேலுதட்டை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். தெருவிலுள்ள அத்தனை வாய்க்குள்ளும் தலையை விட்ட மனுசி, தன் வாயை ஒருநாளும் யாருக்கும் காட்டியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. படத்துக்கு நிற்கும்போதும் உதட்டை மூடிக்கொண்டுதான் நிற்பார். மேலே முன்பக்கத்தில் ஒரு பல் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. அதற்குப் பக்கத்துப் பல் பழுப்பாக, குறுக்கே திரும்பி நின்றது.

"எனக்கும் மேல் பல்லுத்தான் முதல் வந்தது," என்றார். "என்ரை மாமாவைக் காப்பாத்த எண்டு ஆரோ ஒரு மனுசன் ஊசியைச் சுட்டு நெம்பினதாம். ஏழு மாசப் பிள்ளைக்கு. முகம் வீங்கி, சீழ் பிடிச்சு, காய்ச்சலிலை நான் செத்துப்போவன் எண்டு எல்லாரும் இருந்தவையாம். பெரிய பல்லு பிறகு வரவேயில்லை, இது ஒண்டு வந்தது இப்பிடி. சரி, மாமா தப்பினவரே? அடுத்த வருசம் கண்ணெல்லாம் மஞ்சளாகி, செங்கமாரியிலை செத்துப்போட்டார்."

தங்கச்சி பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"பல்லும் போட்டுது, மாமாவும் போட்டார். அப்பவும் சனம் என்ன சொன்னது தெரியுமே? பிந்தி எடுத்ததாலையாம்! மாமனைத் திண்டவள் எண்டு பள்ளிக்கூடத்திலை சொல்லிச்சினம். கலியாணம் பேச வந்த இடத்திலை சொல்லிச்சினம். என்ரை மனுசன் போன அண்டும் சொல்லிச்சினம்."

இவ்வளவையும் சொல்லிவிட்டு அன்ரி செய்த வேலைதான் அன்ரித்தனமானது. தங்கச்சியின் கையிலிருந்த குட்டியை லபக்கென்று வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். "நாளைக்குப் பல் டொக்டரிட்டைக் காட்டுறன் எண்டு சத்தியம் பண்ணு. அப்பதான் தருவன்."

"அன்ரி, பிள்ளையைத் தாங்கோ."

"தரமாட்டன். தம்பி, நீரும் அங்காலை நில்லும். பால் வேணுமெண்டால் வந்து குடுத்துப்போட்டுப் போகட்டும்."

மச்சான் வேலையால் வந்தபோது அவருடைய பிள்ளை பக்கத்து வீட்டில் பிணையாக இருந்தது. மனுசன் இரண்டு வீட்டுக்கும் இடையில் தூது நடந்து களைத்துப்போனார். இருட்டுகிற நேரம் தங்கச்சி அழுதுகொண்டே சத்தியம் பண்ணினாள். அதற்குப் பிறகுதான் அன்ரி மடியை விட்டார்.

பிள்ளைகளுக்கான பல் கிளினிக்கில் ஒரு இளம் பெண் டொக்டர். நான்தான் மொழிபெயர்ப்பு. பல்லை ஏன் எடுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். எங்கள் பண்பாட்டில் இந்தப் பல் எனக்கு ஆபத்தானது என்று ஆங்கிலத்தில் சொல்லிவைத்தேன். அவர் என்னையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏன், உங்களைக் கடிக்கிறாளா?" என்று கேட்டார். பாவம், உண்மையாகத்தான் கேட்டார்.

விளங்கிய பிறகு அவர் சிரிக்கவில்லை. இது கூடுதலாக முளைத்த பல் இல்லை, பால்பல்தான், மேலே முதலில் வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார். வேரோடு நிற்பதைப் பிடுங்கினால் இரத்தம் போகும். அழுக்குச் சேர்ந்தால் சின்ன உடம்பில் நஞ்சு வேகமாகப் பரவும். உள்ளே காத்திருக்கிற பெரிய பல்லின் முளையும் பழுதாகும். வேறு நாடுகளிலிருந்து வந்த சில தாய்மாரும் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றார். குழந்தைக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்தால், முரசுக்குள் வெள்ளையாகத் தெரிவதைப் புழு என்று நினைத்து, இன்னும் வெளியே வராத பல்லையே தோண்டி எடுத்துவிடுவார்களாம். நோய் அப்படியே இருக்கும், வாயில் புண்ணும் சேர்ந்துவிடும். அதில் சில பிள்ளைகள் தப்பவில்லை என்றார். அவர்களுக்குப் புழு, எங்களுக்கு மாமன். எங்கே போனாலும் குழந்தையின் முரசுக்குத்தான் ஊசி வருகிறது.

தங்கச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாமனுக்கு ஒண்டும் வராதாமோ எண்டு கேளண்ணா," என்றாள். கேட்டேன். டொக்டர் என்னை வாயைத் திறக்கச் சொன்னார். விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வரும். கடைவாயில் இரண்டு சொத்தை," என்றார்.

பல் தப்பியது. கீழேயும் இரண்டு வந்தது. குட்டி கையில் கிடைத்ததையெல்லாம் கடித்தாள், மாமனையும் கடித்தாள். விசாரணைக்குப் போய் வந்தேன். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன், நல்லாய்த்தான் சொன்னேன் என்று நினைத்தேன். பிறகு காத்திருப்பு. தங்கச்சி வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கஞ்சி பருக்குகிற நேரமெல்லாம் அந்த ஒரு பல்லை அவள் பார்க்கிற பார்வையை நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை வக்கீல் போன் எடுத்தார். கேஸ் தோற்றுவிட்டது. இன்னும் ஒரு கோர்ட் இருக்கிறது, மனதை விடவேண்டாம் என்றார். போனை வைத்தேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை, முகத்திலேயே தெரிந்திருக்கும். மச்சான் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். அன்ரி அப்போது முருங்கையிலைக் கட்டோடு வாசலில் நின்றார். தங்கச்சியின் மடியில் குட்டி, கையில் கரண்டி.

தங்கச்சி என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் வாயைப் பார்த்தாள்.

"நான் அப்பவே சொன்னனான்," என்று மெதுவாகத் தொடங்கினாள். "உந்தச் சனியன் பிடிச்ச..."

"பிள்ளை, நான்தான்!"

அன்ரி போட்ட சத்தத்தில் குட்டியே திரும்பிப் பார்த்தாள். முருங்கையிலை நிலத்தில் கிடந்தது.

"நான்தான் பிள்ளை. அண்டைக்குத் தம்பி விசாரணைக்கு வெளிக்கிடேக்கை, கேற்றடியிலை நான்தான் எதிர்ப்பட்டனான். தாலி அறுத்தவள், நல்ல காரியத்துக்குப் போறவனுக்கு முன்னாலை வரலாமே? எனக்கு அப்பவே மனம் கேக்கேல்லை. சொல்லப் பயந்துபோய் இருந்திட்டன்."

தங்கச்சி எழும்பினாள். குட்டியைத் தூக்கி மச்சானிடம் கொடுத்தாள். பிறகு அவள் வாயிலிருந்து வந்ததையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. "உங்களுக்கு அறிவில்லையே? விடியக்காலமை கேற்றடியிலை என்ன வேலை? பல்லுப் பிடுங்கிற நேரம் போக மிச்ச நேரம் உள்ளுக்கை கிடக்கேலாதே?" இது அதில் நல்ல பகுதி. மாதக்கணக்காகப் பூட்டி வைத்திருந்த பயமெல்லாம் அந்த ஒரு மனுசியின் தலையில் கொட்டியது. அன்ரி தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் பிள்ளை, பிழைதான் பிள்ளை," என்று நின்றார். மச்சான் குறுக்கே பேச வாயெடுத்தபோது மட்டும் நிமிர்ந்து, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

தங்கச்சி அழுது களைத்து உள்ளே போன பிறகு நான் அன்ரியின் பின்னால் கேற்வரை போனேன்.

"அன்ரி, அண்டைக்கு நீங்கள் வேலையிலை. நான் ஸ்ரேசனுக்கு வெளிக்கிடேக்கை உங்கடை கார் இல்லை. நான் பாத்தனான்."

"மெல்லமாய்க் கதையும்," என்றார். யன்னலைத் திரும்பிப் பார்த்தார். "எனக்குப் பழிச்சொல்லுக் கேட்டுப் பழக்கம் தம்பி. அந்தக் குஞ்சுக்குப் பழக்கக் கூடாது. தாயின்ரை வாயிலை ஒருக்கா வந்திட்டுதெண்டால், பிறகு அது சாகும்மட்டும் போகாது."

அவரைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலிருந்தது. எங்கள் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் இல்லையே, நிலத்தில் கிடந்த முருங்கையிலையைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தேன். அன்று அதைத்தான் வறை வறுத்தோம்.

தங்கச்சி ஒரு மாதம் அன்ரியோடு பேசவில்லை. அன்ரி அதற்கு ஏற்றமாதிரி நன்றாக நடித்தார். நான் பாண் வாங்க வெளிக்கிட்டாலும், என்னைக் கண்டவுடன் தங்கச்சிக்குத் தெரியும்படியாக விழுந்தடித்து வீட்டுக்குள் ஓடுவார். நடிப்புக்கும் ஒரு அளவு வேண்டாமா! ஒருநாள் குப்பைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்தார். அதைக் கண்டு தங்கச்சிக்கே சிரிப்பு வந்து, பிறகு கறி கொடுக்கல் வாங்கல் தொடங்கியது. அடுத்த வருடம் மகன் வந்து அன்ரியைப் பிளாக்டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அங்கேயும் ஒரு தெரு இருக்கும், அதிலும் பல் ஆடுகிற பிள்ளைகள் இருப்பார்கள். அவருக்கு வேலையில்லாமல் போகாது.

எனக்குப் பிறகு வேறு வழியில் விசா கிடைத்தது. அன்ரி சிட்னிக்குப் போன பிறகு கிடைத்தபடியால் தங்கச்சிக்கு அதுவும் ஒரு சாட்சி. குட்டி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கெட்டிக்காரி, வாய்க்காரி, படத்துக்கு நிற்கும்போது முழுப் பல்லையும் காட்டுவாள். வீட்டுக்கு யார் வந்தாலும் தங்கச்சி அண்ணாவின் கேஸ் தோற்ற கதையைச் சொல்லாமல் விடமாட்டாள். குட்டியும் பக்கத்திலிருந்து கேட்பாள். அந்தக் கதையில் அன்ரி வருவார், கேற் வரும், அன்ரி ஒருநாளும் உடுத்தியே இராத ஒரு வெள்ளைச் சேலைகூட வரும். பல்லைப் பற்றி மட்டும் ஒரு சொல் இருக்காது.